செபமாலை நேரத்தில் தட்டிய கதவு

இலங்கை எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களிடமெல்லாம் "நல்ல மழை" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். மழை உண்மைதான். அக்டோபரில் இரத்தினபுரியில் கொட்டுகிற மழையைப் பார்த்தால் எங்கள் திண்டுக்கல்காரர்களுக்கு வயிற்றெரிச்சல் வரும். ஆனால் நான் சொல்லாமல் விழுங்குவது வேறு சங்கதி. நினைத்தால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே காது இரண்டும் சூடாகிறது. எழுதினாலாவது ஆறுமா என்று பார்க்கிறேன்.

நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் எங்கள் மறைமாவட்டத்தில் திருமண ஆயத்த வகுப்பு எடுப்பவர்கள். கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் எங்களிடம் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தாக வேண்டும். மனித உடம்பு கடவுள் கொடுத்தது, அதில் அசிங்கம் ஒன்றும் கிடையாது. கணவனும் மனைவியும் கூடுவது பரிசுத்தமானது. பிள்ளைப்பேற்றை மாத்திரை போட்டுத் தடுக்காமல் உடம்பின் நாள்களை அறிந்து நடக்க வேண்டும் என்று திருச்சபை சொல்வதையெல்லாம் விளக்குவோம். பெண்களுக்கு ஸ்டெல்லா, ஆண்களுக்கு நான். இத்தனை வருஷத்தில் இதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் நாக்குக் கூசியதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

வேளாங்கண்ணியில் யாத்திரைக்கு வந்திருந்த ஒரு சிங்களக் குருவானவரைச் சந்தித்ததில் ஆரம்பித்தது வினை. இரத்தினபுரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் அவருக்குத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் கொஞ்சம் உண்டு. பூசையைப் புத்தகம் பார்த்துத் தமிழில் வைத்துவிடுவாராம், இந்த விஷயங்களை விளக்கத் தமிழ் போதவில்லையாம். வந்து மூன்று வாரம் தங்கிச் சொல்லிக் கொடுங்கள் என்றார். ஸ்டெல்லாவுக்கு முழங்கால் வலி, அவளால் வர முடியவில்லை. "பொம்பளைங்களுக்குச் சொல்றதையும் நீங்களே சொல்லி மானத்த வாங்கிறாதீங்க" என்று எச்சரித்துத்தான் அனுப்பினாள்.

இரத்தினபுரிக் கடைத்தெருவில் ஆண்கள் நடுத்தெருவில் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். ஏதோ சண்டை என்று நினைத்து ஒதுங்கினேன். மாணிக்க வியாபாரமாம். மடித்த காகிதத்தைப் பிரித்து, கல்லை இரண்டு விரலில் பிடித்து, வானத்தைப் பார்த்து ஒரு கண்ணை மூடுகிறார்கள். மழைக்கு ஒதுங்கிய சாப்பாட்டுக் கடையில் முதலாளி முஸ்லிம் பெரியவர், அழகான தமிழ். இந்தியாவில் இருந்து கல் எடுக்க வந்தீர்களா என்று விசாரித்தார். கல்யாணம் ஆனவர்களுக்கு வகுப்பு எடுக்க வந்தேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதுக்கும் வகுப்பு ஈக்குதா?" என்று கேட்டுவிட்டு, மிளகாய் இடித்த கட்டச்சம்பலோடு இன்னொரு ரொட்டியை இலவசமாக வைத்தார். பரிதாபப்பட்டு வைத்த ரொட்டி என்று அப்போது தெரியவில்லை.

நிவித்திகலைக்கு மேலே தோட்டத்துக்குப் போகிற பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னால் மண் சரிந்து பாதையை அடைத்திருந்தது. நம்மூராக இருந்தால் கண்டக்டரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருப்போம். இங்கே எல்லோரும் சொல்லி வைத்ததுபோல இறங்கிக் குடையை விரித்து நடக்க ஆரம்பித்தார்கள். ஒரு சிங்கள அம்மாள் என்னைத் தன் குடைக்குள் இழுத்துக்கொண்டு வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பின்னால் வந்த கண்டக்டர் தமிழில் சொன்னார்: "அவங்க ரொம்ப நேரமா உங்க கால்ல அட்ட கடிக்குதுன்னு சொல்றாங்க." குனிந்து பார்த்தால் வேட்டி விளிம்பெல்லாம் ரத்தம்.

தோட்டத்தில் என்னை எதிர்கொண்டவர் பிலோமினா அக்கா. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், அங்கிருக்கும் சின்னக் கோயிலின் சாவியும் அவரிடம், செபமாலையும் அவர் தலைமையில். கோயிலை ஒட்டிய அறையில் எனக்குப் படுக்கை போட்டிருந்தார்கள். அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிவிட்டு, தேத்தண்ணி கொண்டுவந்தார். உலகத்துக்கே தேயிலை அனுப்புகிறவர்கள் பால் இல்லாமல்தான் குடிக்கிறார்கள். கையில் ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டி. அதை ஒரு கடி, தேத்தண்ணி ஒரு மிடறு. பழகிய பிறகு நம்மூர் டீயை நினைத்தால் பாயசம் மாதிரி இருந்தது.

சாப்பாடு வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கொடுத்தார்கள். சனிக்கிழமை காலை ஞானம்மா வீட்டு முறை. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் தாழ்வாரம், பின்னால் அடுப்படி, நடுவில் காம்பரா என்கிற ஒற்றை அறை. அவ்வளவுதான் வீடு. பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுச்சுவர் உண்டு, ஆனால் கூரை வரை போகாது. அங்கே தும்மினால் இங்கே வாழ்த்தலாம். அந்த ஒரு காம்பராவில் ஞானம்மா, அவர் கணவர், கணவனை இழந்த மகள், அவளுடைய இரண்டு பிள்ளைகள், மகன் நிக்சன், மருமகள் சுகந்தி. நிக்சன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை வந்து திங்கள் முதல் பஸ்ஸில் போய்விடுவான். அன்றைக்கும் அப்படித்தான் வந்திருந்தான். சுகந்தி பக்கத்துத் தோட்டத்து இந்துக் குடும்பத்துப் பெண், கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள். கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டது, இன்னும் பிள்ளை இல்லை என்று ஞானம்மா இடியாப்பத்தைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னார். சுகந்தி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அன்றைக்கு ஸ்டெல்லாவிடம் போனில், "ஒரே ரூம்ல எத்தனை பேரு தெரியுமா? ஆனா என்னா பாசமா இருக்காங்க" என்று உருகினேன். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் படுக்கையறை மட்டும் மூன்று. என் குறட்டை தாங்காமல் ஸ்டெல்லா மாடியில் படுக்கிறாள். அப்படிப்பட்ட நான் உருகினேன்.

கொழுந்து குறைவு என்பதால் சனிக்கிழமை மத்தியானத்தோடு வேலை முடிந்தது. கோயிலில் வகுப்பு. நல்ல கூட்டம். நிக்சனும் சுகந்தியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நன்றாகவே பேசினேன், அதைச் சொல்லியாக வேண்டும். உங்கள் உடம்பைக் கண்டு வெட்கப்படாதீர்கள் என்றேன். கணவனும் மனைவியும் ஒன்றாக இருப்பது கடவுள் முன்னிலையில் ஒரு செபம் என்றேன். அப்புறம், பெண்கள் உடம்புச் சூட்டைத் தினமும் விடியற்காலையில் எழுவதற்கு முன்னால் பார்த்துக் குறித்து வைக்கிற அட்டையைத் தூக்கிக் காட்டி, இதைக் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள் என்றேன்.

பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "எங்க மாமனாரும் அந்தச் சுவத்துப் பக்கந்தான் படுக்கிறாரு சேர். அவரும் பாத்துக்கலாமா?"

கோயிலே குலுங்கியது. நானும் பெரிய மனது பண்ணிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும். மரமண்டை, உறைக்கவில்லை. வகுப்பு முடிகிற நேரத்தில் நிக்சன் தயங்கித் தயங்கிக் கேட்டான். மாசத்துக்கு ஒருதரம் வருகிறவனுக்கு அந்த நாள் எப்படிப் பொருந்தும் என்று. பிள்ளை வேண்டும் என்கிற தவிப்பு அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. அதைக் கடவுள் பொருத்துவார், கிடைக்கிற நேரத்தை வீணாக்காமல் சேர்ந்திருங்கள் என்று ஆசீர்வாதம் பண்ணுகிற தோரணையில் சொன்னேன். சுகந்தி தலையைக் குனிந்துகொண்டே சிரித்தாள்.

அக்டோபர் செபமாலை மாதம். மாதா சொரூபம் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் ஒரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டில் எல்லோரும் கூடிச் செபிப்பார்கள். அன்றைக்கு லயத்தின் கடைசி வீடு. விருந்தாளி என்று என்னையே முன்னால் நிற்கச் சொன்னார்கள். இந்துக்கள் உட்பட லயமே வந்திருந்தது. சின்னப் பிள்ளைகள், நடக்க முடியாத ஒரு தாத்தா, அவரைத் தூக்கி வந்த நாற்காலி எல்லாம் இருந்தது. அடடா, என்ன பக்தி என்று புல்லரித்தது எனக்கு.

நான் செபமாலையை இழுக்கிறவன் இல்லை. மளமளவென்று ஐந்து தேவ இரகசியங்களையும் முடித்துச் சிலுவை அடையாளமும் போட்டேன். ஒருத்தர் எழவில்லை. பிலோமினா அக்கா மாதா பிரார்த்தனையை ஆரம்பித்தார். அது முடிந்ததும் ஒரு பாட்டு, எல்லாச் சரணமும். அப்புறம் இன்னொரு பாட்டு. பிள்ளைகள் மடியில் தூங்கி விழுகின்றன, யாரும் வீட்டுக்குப் போகிற வழியைக் காணோம். எனக்குப் பசி. சுற்றிப் பார்த்தேன். ஞானம்மா இருக்கிறார், அவர் கணவர் இருக்கிறார், மகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். நிக்சனையும் சுகந்தியையும் காணவில்லை.

எனக்குள் இருந்த வகுப்பு வாத்தியார் விழித்துக்கொண்டார். மத்தியானம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைகள், சாயங்காலச் செபத்துக்கு வரவில்லையா? அந்தப் பெண் புதிதாக மனம் திரும்பியவள் வேறு. ஆரம்பத்திலேயே விட்டால் செபப் பழக்கம் வராதே. நான் போய்க் கூட்டிவருகிறேன் என்று எழுந்தேன்.

பாட்டு நின்றது. மழை வருகிறது சேர் என்றார் ஒருவர். வழியில் அட்டை கிடக்கும் என்றார் இன்னொருவர். நிக்சனுக்குத் தலைவலி என்று ஞானம்மா சொன்ன அதே நேரத்தில், சுகந்திக்குத் தலைவலி என்று அவர் மகள் சொன்னாள். தலைவலி என்றால் கட்டாயம் செபித்தாக வேண்டும் என்றேன். பிலோமினா அக்கா என் சட்டையைப் பிடிக்காத குறையாகக் குறுக்கே வந்து, "சேர், இன்னொரு பாட்டு இருக்கு, உக்காருங்க" என்றார். மழைக்குப் பயந்தால் செபம் நடக்குமா என்று ஒரு வசனத்தையும் பேசிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பெரிய வீரன் நான்.

ஞானம்மா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கில்லை. தட்டினேன். பதில் இல்லாததால் பலமாகத் தட்டினேன். நிக்சன், சுகந்தி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். குடும்பமாகச் செபிப்பதன் மேன்மை பற்றிக் கதவைப் பார்த்து நாலு வார்த்தையும் பேசினேன். லயம் முழுக்க வெறுமையாக இருந்ததால் என் குரல் கணீரென்று கேட்டது. கடைசி வீட்டில் இருந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கும்.

கதவு திறந்தது. நிக்சன் இடுப்புச் சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டைப் பொத்தான்கள் மேலும் கீழுமாக மாறிப் போட்டிருந்தன. என் டார்ச் வெளிச்சம் அவனைத் தாண்டி உள்ளே விழுந்துவிட்டது. சுகந்தி சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாம் ஒரே அடியாகப் புரிந்தது. டார்ச்சை அணைக்கக்கூடக் கை வரவில்லை.

"வர்றோம் சேர்" என்றான் நிக்சன். அவ்வளவுதான் சொன்னான்.

வேண்டாம், வரவேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் இன்னும் மோசம் என்று தோன்றித் திரும்பி நடந்தேன். வாத்தியார் கூப்பிட்டுவிட்டார், வராமல் இருப்பது மரியாதை இல்லை என்று அந்தப் பிள்ளைகள் என் பின்னாலேயே வந்தார்கள். கடைசி வீட்டில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகந்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஞானம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நிக்சன் உள்ளே வரவில்லை, வாசலில் மழைச் சாரலில் நின்றான். ஒருவராவது சிரித்திருந்தால் தேவலாம் போலிருந்தது. பிலோமினா அக்கா எதையோ பாடி முடித்துவைத்தார்.

அறைக்கு வந்ததும் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். அவளிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. முழுவதையும் சொன்னேன்.

"மத்தியானம் அதையே செபம்னு சொல்லிட்டு, சாயங்காலம் போய்க் கதவத் தட்டுனீங்களா?" என்றாள்.

எனக்குத் தெரியாது ஸ்டெல்லா என்று முனகினேன். ஏங்க, அந்த ரூமை நீங்க பார்க்கலையா, உட்கார்ந்து இடியாப்பம் சாப்பிட்டீங்கள்ல என்று கேட்டாள். பார்த்தேன், சாப்பிட்டேன், பாசம் என்று உருகவும் செய்தேன். அந்தப் பெண் எங்கே படுப்பாள் என்று ஒரு கணம் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்கு முன்னால் கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த பிலோமினா அக்காவிடம் போய் நின்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல், துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கொழும்பில் இருந்து புருஷன்காரன் வந்தாலோ, லயத்தில் புதிதாகக் கல்யாணம் ஆனாலோ, அந்த வீட்டுக்கு எட்டாக்கையில் இருக்கிற வீட்டுக்குத்தான் மாதா போவாராம். மாமியார், பிள்ளைகள், கிழவர் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நடுச்சுவர் கூரையைத் தொடாது என்பதால் பக்கத்து வீட்டு இந்துக்களும் வருவார்கள். மார்கழியில் அவர்கள் மாரியம்மன் கோயிலில் பஜனை வைப்பார்கள், அப்போது இவர்கள் போவார்கள். எத்தனையோ வருஷமாக இப்படி நடக்கிறது. எதற்காக என்று ஒருவரும் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதால்தான் அந்தப் பெண் பிள்ளைகள் மறுநாள் காலையில் தலைநிமிர்ந்து மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக முடிகிறது.

"இப்ப நீங்க ஊரறியச் சொன்ன மாதிரி ஆயிருச்சி சேர்" என்றார்.

நான் அந்தப் பிள்ளைகளிடம் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அவர் கூட்டுவதை நிறுத்தினார். "என்னான்னு கேப்பீங்க? எதுக்குக் கேக்குறீங்கன்னு ஒண்ணு இருக்குல்ல? நீங்க மன்னிப்புக் கேட்டா இன்னொரு தடவ கதவத் தட்டுன மாதிரிதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கக்கேடு, அறுபதை நெருங்குகிறவன் கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பூசை வைக்க அந்தச் சிங்கள ஃபாதர் வந்தார். பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் கேட்டார். நான் போய் மண்டியிட்டேன். அவருக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டியிருந்ததால் கதவு, டார்ச், பொத்தான் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அதுவே பாதித் தண்டனை. அவர் கையால் வாயை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது.

"நான் ஏழு மணிக்கு லயத்துக்குப் போக மாட்டேன்" என்றார் நிறுத்தி நிறுத்தி. "யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு நாள் போனேன். என்னைக் கண்டதும் எல்லோரும் மிகவும் சத்தமாகப் பாடினார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன்."

அவருக்குத் தமிழ் போதாது என்றுதானே என்னைக் கூப்பிட்டார். இது பாவமில்லை, மடத்தனம் என்றும் சொன்னார். ஆனாலும் அபராதமாக ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். "மெதுவாக" என்று சேர்த்துக்கொண்டார்.

சுகந்தி பூசைக்கு வரவில்லை. நிக்சன் திங்கள் விடியும் வரை காத்திருக்காமல் அன்றைக்கு மத்தியானமே கிளம்பிவிட்டான். பஸ் நிற்கும் இடத்தில் அவனைப் பார்த்தேன். நான் பக்கத்தில் போனதும் எழுந்து நின்று, "வர்றேன் சேர்" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இருந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். இருந்தது கூச்சம். தப்புச் செய்தவன் நான், கூசிக்கொண்டு நின்றவன் அவன். இனிமேல் நத்தாருக்குத்தான், அதாவது கிறிஸ்துமஸுக்குத்தான், வருவேன் என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போனதாக அப்புறம் தெரிந்தது. அப்படியென்றால் நானும் தாய் வீட்டுக்குப் போகிறேன் என்று சுகந்தி துணியை மடிக்கிறாளாம். இங்கே இருந்து நான் யார் முகத்தில் முழிக்க என்று கேட்டாளாம். பிள்ளை வேண்டும் என்று தவித்த குடும்பத்தில் நான் வந்து செய்த உபகாரம் இதுதான்.

அன்று சாயங்காலம் மறுபடியும் பிலோமினா அக்காவிடம் போய், நான் என்னதான் செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் கருப்பட்டியை உடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தியாவுல வீட்டுல உங்களத் தேட மாட்டாங்களா சேர்?" என்றார்.

இந்த ஒன்றையாவது சட்டென்று புரிந்துகொண்டேன். எனக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் வகுப்புகள் பாக்கி இருந்தன. ஃபாதருக்குப் போன் பண்ணி, மனைவிக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது என்றேன். அன்று காலைதான் பாவசங்கீர்த்தனம் கேட்டவர், பொய் என்று தெரிந்தும் ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மாதா யார் வீட்டுக்கு என்று பேச்சு வந்தபோது, ஞானம்மா எங்கள் வீட்டுக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஊர் வாயை அடைக்க அவருக்குத் தெரிந்த வழி அது. கதவைத் திறந்து வைத்து, விளக்கைப் போட்டு, லயத்தையே காம்பராவுக்குள் உட்காரவைத்தார். சுகந்தியைத் தாய் வீட்டுக்குப் போகவிடாமல் ஒரு நாள் பிடித்து வைத்திருந்தார். இன்றைக்கு நீதான் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுக்கணும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். என்னையே செபமாலை சொல்லச் சொன்னார்கள். நான் ஃபாதர் கொடுத்த அபராதத்தையும் சேர்த்துச் சொன்னேன். ஒவ்வொரு மணியாக, மெதுவாக. மாதா பிரார்த்தனை, பாட்டு, எல்லாச் சரணமும். அன்றைக்கு அந்த நேரம் யாருக்கும் தேவைப்படவில்லை. அது எனக்குத் தெரியும், அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கூடவே பாடினார்கள்.

முடிந்ததும் சுகந்தி தட்டில் தேத்தண்ணியோடு வந்தாள். ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தேன். கப்பை எடுத்துக்கொண்டேன்.

"சேர் எப்ப ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டாள்.

விருந்தாளியிடம் யாரும் கேட்கிற கேள்விதான். காம்பராவில் மட்டும் பேச்சு நின்றது. ஞானம்மாவின் கணவர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டதுபோல எனக்குத் தோன்றியது.

"நாளைக்குக் காலையில போறேம்மா" என்றேன்.

"சரிங்க சேர்" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கப் போனாள். தட்டைக் காலி செய்து மூலையில் வைத்தாள். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அந்த லயத்தில் இஸ்தோப்பின் ஒரு கோடியில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். நான் விடைபெற்று வெளியே வந்து படியோரம் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் தூணுக்கு அந்தப் பக்கம் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான் இருப்பதைக் கவனிக்கவில்லை.

"சேர் நாளைக்குக் காலையில போறாராம்" என்றாள். எதிர்ப்பக்கம் ஏதோ சொன்னது. "இல்லங்க, நானே கேட்டேன். நாளைக்குத்தான். நத்தாருக்கெல்லாம் வேணாம். நீங்க வர்ற சனிக்கிழமையே வாங்க."

செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் படியிறங்கினேன்.